அட்டையில் இல்லாத பத்துக் கிலோ

அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் படுத்துக்கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீ, டீச்சர், உன் பெண் சில்வண்டு மூன்று பேரும் சுகம்தானே? கட்டின பெண்டாட்டியை வீட்டிலும் டீச்சர் என்றே கூப்பிடுகிறாயே, ஒரு நாளைக்கு உன்னை பெஞ்சு மேல் ஏற்றப் போகிறாள்.

போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது, கடிதம் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால் நல்ல ஏற்பாடுதான். நான் எழுதும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது.

சீசனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அத்தான் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து பனிச்சறுக்கு ஸ்கீக்கெல்லாம் மெழுகு தேய்க்கிறார். நான் முன்பக்கம் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன். ஆள் வராமல் இல்லை. வருகிறார்கள். நேற்று ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஏழு ஜோடி பூட்ஸ் போட்டுப் பார்த்தேன். உள்மெத்தையை உருவி, வெறும் கூட்டுக்குள் காலை விடச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் என் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, ஒரு மணி நேரம் தரையில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். எட்டாவது ஜோடி கச்சிதம். வீட்டுக்காரர் போனை எடுத்துப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்தார். "யோசிச்சுட்டு வர்றோங்க"ன்னார். எங்கே யோசிக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? வாசல் தாண்டுவதற்குள் ஆன்லைனில் ஆர்டர் போட்டிருப்பார்கள்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ அப்படிப்பட்ட கம்பெனியில் வேலை பார்க்கிறாய், அது வயிற்றுப்பாடு. சில்வண்டு நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டாள் என்றாயே. அப்படியானால் போன வருட பூட்ஸ் போதாது. ஸ்கீ கேம்ப்புக்கு முன்னால் ஒரு எட்டு கூட்டிக்கொண்டு வா. காலைப் பார்த்துப் புதிதாக எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம். அத்தானின் முழங்கால் தேவலையா?

எனக்கு இப்போது பதினாலாம் நம்பர் மேஜை. திரும்பி வருகிற பார்சல்களைப் பிரித்துப் பார்க்கிற பகுதி. பெல்ட்டில் பைகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகக் கிழித்து, சட்டையை விரித்து, சீட்டு இருக்கிறதா, கறை இருக்கிறதா, கழுத்துப் பக்கம் செண்டு வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்க்க வேண்டும். வீட்டில் நாய் வளர்க்க வேண்டாம், அதான் அப்பா இருக்காரே என்கிறாள் சில்வண்டு. ஒரே ஹூடியை மூன்று அளவில் வாங்கி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். இன்றைக்கு ஒரு ஜாக்கெட் பையில் போன சீசன் பனிமலை லிஃப்ட் டிக்கெட் இருந்தது. நாலு நாள் பனியில் ஆடிவிட்டு, 'அளவு சரியில்லை' என்று டிக் அடித்து அனுப்பியிருக்கிறார் ஒரு மகராசன்.

நான் சொல்கிறேன் என்று கோபப்படாதே. ஸ்கீ சாமானை மட்டும் வைத்துக்கொண்டு நீ எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாய்? ஊருக்குள் போடுகிற ஹூடி, தொளதொள பேன்ட், இதெல்லாம் கொஞ்சம் தொங்கவிடு. இரண்டு பெட்டி அனுப்புகிறேன், விற்றால் பார்.

சில்வண்டைக் கூட்டிக்கொண்டு வர இந்த வருடம் முடியாது போலிருக்கிறது. இங்கே கூட்டமான மாதங்கள், லீவு என்று வாயைத் திறந்தாலே மேஸ்திரி முறைக்கிறார். கேம்ப்பில் வாடகைக்குக் கொடுப்பார்கள், அதைப் போட்டுக்கொள்வாள். அவர்கள் ஒரு படிவம் கேட்டிருக்கிறார்கள். போன வருடம் நீ அவளுக்கு எடை, உயரம், பூட்ஸ் அளவெல்லாம் எழுதிய பச்சை அட்டை உன்னிடம்தானே இருக்கிறது? அதை அனுப்பி வை.

உன் அன்புத் தம்பி


நவம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும் எழுது. 'எல்லோரும் நலம்' என்று ஒரே வரியில் முடிக்காதே, ஆளுக்கு ஒரு வரியாவது எழுது.

ஹூடிப் பெட்டி வந்தது. ஒன்றை நானே போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் மாவு மூட்டைக்குத் தொப்பி வைத்த மாதிரி இருந்தேன். அத்தான் சிரித்த சிரிப்பில் மெழுகு டப்பா கவிழ்ந்தது. வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறார்கள், போட்டுப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். ஆக, ஸ்கீ சாமானுக்கு நடந்தது துணிக்கும் நடக்கிறது. ஆனால் துணியில் அளவு தப்பினால் தொளதொள என்று இருக்கும், அதுதான் ஃபேஷன் என்று சொல்லிவிடலாம். பூட்ஸிலும் ஸ்கீயிலும் அப்படிச் சொல்ல முடியாது.

அட்டை இதோடு இருக்கிறது. பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கிற பைண்டிங்கைக் கேம்ப்பில் யார் திருகுகிறார்களோ அவர்களிடம் சொல், அவளை நிற்க வைத்து எடை பார்க்கச் சொல். அட்டை போன வருடத்தது. எடை கூடினால் திருகை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும். தளர்வாக இருந்தால் ஓடும்போதே கழன்றுவிடும். இறுகிப்போனால் விழும்போது கழலாது, காலைச் சேர்த்து முறுக்கிவிடும். உனக்குத் தெரியாததா? இரண்டு சீசன் என் கூட நின்றவன்தானே.

நம் கால்மிதியடி ரகசியம் இன்னும் ரகசியம்தான். பூட்ஸ் மாற்றுகிறவர்கள் சாக்ஸோடு மிதியடியில் ஏறி நிற்கிறார்கள், அடியில் இருக்கிற தராசு கல்லாவுக்குக் கீழே எனக்கு மட்டும் எண்ணைக் காட்டுகிறது. "எடை எவ்வளவுங்க?"ன்னு ஒப்புக்குக் கேட்பேன். போன வாரம் ஒருவர் கூசாமல் எழுபதுன்னார். எண்பத்து மூன்று. உன் அத்தான் மூளைக்கு இந்த ஒரு யோசனைக்காகவே ஒரு மாலை போடலாம்.

இப்படிக்கு,
உன் அக்கா


டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ கேட்டபடி ஆளுக்கு ஒரு வரி: டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வீடு அமைதியாக இருக்கிறது. சில்வண்டு கேம்ப்புக்கு இப்போதே மூட்டை கட்டுகிறாள். எனக்குக் கை விரல் எல்லாம் அட்டைப்பெட்டி கீறல்.

அட்டை வந்து சேர்ந்தது. ரொம்ப நன்றி. அதைப் பார்த்ததும் நம் 'பத்துக் குறை' ஞாபகம் வந்தது. ஒரு மாமியார் மருமகளின் அட்டையை வாங்கி எடையைச் சத்தமாகப் படித்ததும், அந்தப் பெண் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அழுதுகொண்டே போனதும், அன்றிலிருந்து எல்லார் அட்டையிலும் பத்துக் கிலோவைக் குறைத்தே எழுது என்று அத்தான் சட்டம் போட்டதும். திருகுவது உண்மை எடைக்கு, எழுதுவது ஊருக்காக. திரும்பி வந்தால் நீ மனசுக்குள் பத்தைக் கூட்டிக்கொள்வாய். என்ன ஒரு களவாணித்தனம் நமக்கு!

சில்வண்டு சந்தோஷமாக இருக்கிறாள். ஸ்கீ குழுவில் எடுத்துவிடுவார்கள் என்று கோச் சொன்னாராம். நடந்தால் அவள் தரையில் நிற்க மாட்டாள்.

வேலை நெருக்கடி. பிறகு எழுதுகிறேன்.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். உன்னிடமிருந்து ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா?

சீசன் சுமார்தான். லிஃப்ட்டில் ஏறுகிற கூட்டம் கடைக்குள் வரவில்லை. எல்லார் காலிலும் புத்தம் புது பூட்ஸ், எதுவும் என் அலமாரியிலிருந்து போனது இல்லை. மத்தியானத்துக்கு மேல் நொண்டிக்கொண்டு வருகிறார்கள், "இங்க அழுத்துது, கொஞ்சம் பாருங்களேன்"னு. பார்க்கிறேன். வேறு என்ன செய்வது? வலிக்கிற காலைப் பார்த்தால் எங்கே வாங்கினாய் என்று கேட்க வாய் வரவில்லை.

சில்வண்டுக்கு ஒரு ஜாக்கெட் அனுப்பினேனே, சிவப்பு, உள்ளே வாத்து இறகு வைத்தது. வந்ததா? அந்தக் கழுதை ஒரு 'தேங்க்ஸ் அத்தை' கூட எழுதவில்லை. குழுவில் எடுத்துவிட்டார்கள் என்றே இருக்கட்டும், அதற்காகத் தலைக்கனமா? டீச்சருக்குப் போன் போட்டேன். "எல்லாம் நல்லா இருக்கோம் அண்ணி, அடுப்புல வேலையா இருக்கேன்"னு வைத்துவிட்டாள். அப்போது காலை பதினொரு மணி, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

உங்கள் நலத்தை எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். ஜாக்கெட் வந்தது. நன்றாக இருக்கிறது. சில்வண்டு படிப்பில் இருக்கிறாள், அதான் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு சின்னச் சந்தேகம். வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரோடு பேச்சு வந்தது, அதனால் கேட்கிறேன். நீ நம் வீட்டு ஆட்களுக்கு எழுதுகிற அட்டையிலும் பத்தைக் குறைத்துத்தான் எழுதுவாயா?

அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் எழுது.

தம்பி


பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கையெழுத்துதான் நலமாக இல்லை, கோணல்மாணலாக இருக்கிறது.

என்ன கேள்வி இது? வீட்டு ஆட்களுக்கு என்ன மறைப்பு? உனக்கு, டீச்சருக்கு, சில்வண்டுக்கு, அத்தானுக்கு உள்ளதை உள்ளபடிதான் எழுதியிருக்கிறேன். சில்வண்டு போன வருடம் ஐம்பத்திரண்டு, அட்டையிலும் ஐம்பத்திரண்டு. அவளே எட்டிப் பார்த்து, "அத்தை, எனக்கு மட்டும் குறைச்சு எழுத மாட்டீங்களா?"ன்னாள். உனக்கு எதுக்குடி, உடம்பில் சதையே இல்லையே என்றேன். நீ அப்போது வாசலில் வண்டி தேடிக்கொண்டிருந்தாய்.

ஏன் கேட்கிறாய்?

உன் அக்கா


மார்ச் 14

தம்பிக்கு,

ஐந்து வாரம் காத்திருந்தேன். பதில் வரவில்லை.

நேற்று ஒரு பெண்ணின் காலைப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் எனக்குக் கை ஓடவில்லை. கேம்ப்புக்கு வாடகை சாமான் என்றாய். வாடகைக் கடையில் எவன் அட்டை கேட்பான், நிற்க வைத்து எடை பார்த்துவிட்டுப் போவான். எடை, உயரம், பூட்ஸ் அளவு எல்லாம் எழுதிக் கேட்பது ஆன்லைன்காரன்தான். உங்கள் கம்பெனியில் ஆட்களுக்குச் சலுகை உண்டென்று நீயே ஒரு தரம் சொல்லியிருக்கிறாய். அப்புறம் பத்தைப் பற்றிக் கேட்டாய். டீச்சர் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கிறாள். சில்வண்டு வாய் மூடிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

வேறு எதுவும் எழுத வேண்டாம். எந்தக் கால் என்று மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

இடது கால்.

டிசம்பர் இருபத்தி மூன்றாம் தேதி, கேம்ப்பின் நாலாவது நாள். திரும்பும்போது ஸ்கீயின் நுனி ஈரப் பனியில் மாட்டியது. உடம்பு திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. பைண்டிங் கழலவில்லை. முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்து, எலும்பின் தலைப்பக்கம் ஒரு விரிசல். ஆபரேஷன் ஆகி, உள்ளே இரண்டு திருகு வைத்திருக்கிறார்கள். நடப்பாள் என்கிறார் டாக்டர். அதற்கு மேல் கேட்டால் பார்க்கலாம் என்கிறார்.

உன்னிடம் வந்திருந்தால் லீவுக்காக ஒரு வாரம் மேஸ்திரியிடம் கெஞ்சியிருக்க வேண்டும். இங்கேயே பாதி விலையில் எல்லாம் கிடைத்தது, படிவத்தை நிரப்பினால் பைண்டிங்கையும் திருகியே அனுப்புகிறார்கள். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை, அதனால் வாடகை என்று பொய் சொன்னேன். எடை என்று ஒரு கட்டம் இருந்தது. சில்வண்டைக் கேட்டேன். "அம்பத்தஞ்சுப்பா"ன்னாள். உன் அட்டையில் ஐம்பத்திரண்டு இருந்தது. அப்படியென்றால் போன வருடமே அறுபத்திரண்டு, இப்போது இன்னும் வளர்ந்திருக்கிறாள், பெண் பிள்ளை வழக்கம்போலக் குறைத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உன் கடையில் நின்று கற்றுக்கொண்ட கெட்டிக்காரத்தனம். அறுபத்தைந்து என்று போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சாரிப்பா, புது ஸ்கீயை வாங்கிக் குடுத்தீங்க, நான் கவனமில்லாம விழுந்துட்டேன்"ன்னாள். கோச்சும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், திரும்பும்போது கவனம் இல்லை என்று. அவள் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. டீச்சரிடமும் சொல்லவில்லை. அத்தைக்கு ஆன்லைனில் வாங்கியது தெரிந்தால் வருத்தப்படுவாள், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று இருவர் வாயையும் கட்டினேன்.

ஸ்கீயைத் திருப்பி அனுப்பினேன். படிவத்தில் காரணம் கேட்டார்கள். அளவு சரியில்லை, நிறம் வேறு, மனம் மாறிவிட்டது. அவ்வளவுதான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'அளவு சரியில்லை' என்று டிக் அடித்தேன்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். மெழுகு தேய்க்கிற சத்தம் கேட்கவில்லை.

உன் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. லீவு கேட்கக் கூச்சம், என்னிடம் சொல்லக் கூச்சம், இத்தனை கூச்சத்தையும் அந்தப் பிள்ளையின் முழங்காலில் கொண்டுபோய் வைத்தாயே. அவள் வாய்விட்டு எண்ணைச் சொல்லியிருக்கிறாள். பெற்ற பெண் சொன்னதை நம்ப உனக்கு என்ன கேடு?

திட்டிவிட்டு மிதியடியைப் பார்த்தேன். நம்பாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். வருகிறவன் பொய் சொல்வான், நாம் நைசாகத் திருத்திக்கொள்வோம் என்று உனக்கு இருபத்திரண்டு வயதில் பழக்கியது நான். சரியான எண்ணைத் திருகியிருந்தாலும் அன்றைக்கு அந்தப் பனியில் கால் தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கழலுவதற்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துவிட்டோம்.

இன்னும் கேள். முந்தாநாள் ஒருவர் வந்தார், பழைய வாடிக்கை. பையிலிருந்து என் பச்சை அட்டையை எடுத்துக் காட்டி, "இதுல இருக்கறத அப்படியே ஆன்லைன்ல போட்டேங்க, வேலை சுலபமா முடிஞ்சுது"ன்னார். எல்லாரும் என்னிடமே திரும்பி வருகிறவரை அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை, பத்தைக் கூட்டிக்கொள்ள நான் இருந்தேன். இப்போது அட்டை ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் இருக்கிறேன். பதினேழு வருடமாக எழுதிய அட்டைகள், தம்பி. அத்தனை பேருக்கும் பைண்டிங் தளர்ந்து, ஓட்டத்தில் ஸ்கீ கழன்று போகும். அவரை உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். "இத்தனை வருஷமா என் எடையை ஒளிஞ்சு பார்த்தீங்களா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன்.

பழைய நோட்டில் விலாசம் இருக்கிறவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதப் போகிறேன். அட்டையில் இருப்பது உங்கள் எடை இல்லை, பத்துக் கிலோ குறைத்து எழுதினேன், எங்கே வாங்கினாலும் வாங்குங்கள், ஆனால் எடை பார்த்துத் திருகுங்கள் என்று. கடை நிற்குமா என்று அத்தான் கேட்கிறார். நிற்காமல் போனால் போகட்டும்.

நீ சில்வண்டிடம் சொல். அது அவள் தவறு இல்லை என்று உன் வாயால் சொல். அதைச் சொல்லாமல் எனக்கு நலம் விசாரித்து எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்கு உன் நலத்தை விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன். நலமா?

சொல்லிவிட்டேன். மூன்று வாரம் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மடக்குகிற பயிற்சி செய்துகொண்டிருந்தாள். எண்ணிக் கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண வரவில்லை. "என்னப்பா?"ன்னாள். அட்டையை எடுத்து வந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரும் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் அம்பத்தஞ்சுன்னு சொன்னேன்லப்பா"ன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் "மிச்சத்தை எண்ணுங்க"ன்னாள். இருபது வரை எண்ணினேன்.

நாலு நாளாக என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. டீச்சர் அதுவும் இல்லை. ஆனால் சில்வண்டு நாலு மாதத்துக்குப் பிறகு நேற்றுத் தட்டில் போட்ட சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டாள்.

உன் தம்பி


ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை உன் கையெழுத்து நேராக இருந்தது.

நீ சொன்னது நல்லது. அவள் பேசாமல் இருக்கிறாள் என்றால் இருக்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. போய்ப் போய் மன்னிப்புக் கேட்டு அவளைப் படுத்தாதே.

என் கடிதங்கள் போய்விட்டன. நாலு பேர் போனில் திட்டினார்கள். ஒருவர் அட்டையைக் கிழித்து உறையில் போட்டு அனுப்பினார். நிறையப் பேர் ஒன்றும் சொல்லவில்லை. தராசை மிதியடிக்கு மேலே எடுத்து வைத்துவிட்டேன், எண் அவரவர் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. சீசன் முடிந்த பிறகும் ஒரு பெண் வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், மாமியார் எடையைப் படித்ததால் அழுதுகொண்டு போனவள். பதினேழு வருடம் கழித்து வந்திருந்தாள். தராசில் ஏறி நின்று, தானே சத்தமாகப் படித்துவிட்டு, "எழுதிக்கோங்க"ன்னாள். அவள் வாங்கியது ஒரு ஜோடி சாக்ஸ்தான்.

உன் ஹூடிகளில் ஒன்பது மிச்சம். ஒன்று எனக்கு, குளிருக்கு ஆகிறது.

இப்படிக்கு,
உன் அக்கா


மே 11

அன்புள்ள அத்தைக்கு,

சில்வண்டு எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் நல்லா இருக்கீங்களா? நான் ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி இறங்குகிறேன். ஏறும்போது மட்டும் கெட்ட வார்த்தை வருகிறது, அம்மாவிடம் சொல்லாதீர்கள். சிவப்பு ஜாக்கெட்டுக்கு நாலு மாதம் தாமதமாக தேங்க்ஸ்.

நீங்கள் எல்லாருக்கும் அனுப்பிய கடிதம் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. என் அட்டைதான் சரியான அட்டையாச்சே, ஏன் அனுப்பினீர்கள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் புரிந்தது, சரியான அட்டையையும் அந்தப் பத்து கெடுத்துவிட்டது. அட்டையை இதோடு திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் அப்பா பென்சிலில் 52+10 என்று எழுதியிருக்கிறார். அதை நான் அழிக்கவில்லை, நீங்களும் அழிக்க வேண்டாம்.

புது அட்டை ஒன்று எழுதி வையுங்கள். உயரம் நூற்று அறுபத்தொன்பது. பூட்ஸ் அளவை விட்டுவிடுங்கள், அடுத்த வருடமா அதற்கடுத்த வருடமா என்று டாக்டரே சொல்லவில்லை. எடைக்காக நேற்று ஆஸ்பத்திரி தராசில் ஏறினேன். அப்பா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "நீங்க பார்க்க வேண்டாம்பா"ன்னேன். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஐம்பத்தொன்று என்றேன். பேனாவை எடுத்து ஐம்பத்தொன்று என்று எழுதினார்.

அன்புடன்,
சில்வண்டு